பத்தாயத்துக்குப் பின்னால்

கேள்வி: எனக்கு வயது 17. மன்னார்குடியில் பிளஸ் டூ படிக்கிறேன். எனக்குப் பையன்களைத்தான் பிடிக்கிறது, ஒன்பதாவது படிக்கும்போதே தெரிந்துவிட்டது. எங்கள் வகுப்புப் பையன்கள் நாலு பேர் பஸ்ஸில் ‘ஒம்போது’ என்று கூப்பிட்டு, கூட்டத்தில் கண்ட இடத்தில் கை வைக்கிறார்கள். அதனால் நாலு கிலோமீட்டர் முன்னாலேயே இறங்கி, பாமணியாற்றுக் கரையோடு நடந்து வீட்டுக்கு வர ஆறரை ஆகிவிடுகிறது. அப்பா நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறார். தினமும் குடி, அம்மாவுக்கு அடி. ஒரு வருஷம் கார்த்திகையில் மாலை போட்டுக் குடியை நிறுத்தினார், மூன்றாம் நாள் வலிப்பு வந்தது. அதிலிருந்து அம்மா அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. அம்மா ஜவுளிக்கடை வேலை முடிந்து வர எட்டு மணி. தங்கை ஆறாவது. நான் வரும்வரை பத்தாயத்துக்குப் பின்னால் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள், என் செருப்புச் சத்தம் கேட்டால்தான் வெளியே வருவாள். அடுத்த தெருவில் அத்தை இருக்கிறார், அப்பாவோடு பேச்சு கிடையாது. எனக்கு இருப்பது நோயா? அம்மாவிடம் சொல்லிவிடலாமா? படிப்பை விட்டுவிட்டுத் திருப்பூருக்குப் போய்விடட்டுமா?
- பெயர் வேண்டாம்

பதில்: தம்பி, உன் கடிதம் நாலு பக்கம். இங்கே சுருக்கிப் போட்டிருக்கிறேன். நாலு பக்கத்தில் தங்கைக்கு நீ கொடுத்தது ஒன்றரை வரி. அதையும் ஏதோ அவளுக்கு ஒரு வேடிக்கையான பழக்கம் இருப்பதுபோல எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டாய்.

நெல் கொட்டி வைக்கிற பத்தாயத்துக்குப் பின்னால், வெளிச்சம் சரியாக விழாத இடத்தில், ஒரு ஆறாம் வகுப்புப் பிள்ளை தினமும் இரண்டு மணி நேரம் ஒளிந்துகொண்டு இருக்கிறது. யார் செருப்புச் சத்தம் எது என்று பிரித்துச் சொல்லப் பழகியிருக்கிறது. உன் செருப்பு தெரியுமென்றால் உன் அப்பா செருப்பும் அவளுக்குத் தெரியும். எதற்காகப் பழகினாள் என்று ஒரு நாளாவது கேட்டாயா? அந்தப் பையன்கள் பஸ்ஸில் உனக்குச் செய்வதன் விலையை வீட்டில் அவள் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். உன்னை அழவைக்க எழுதவில்லை. இந்தக் கணக்கு உன் கடிதத்திலேயே இருக்கிறது, நீ கூட்டிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

நோயா என்று கேட்டதற்கு அதிக இடம் கொடுக்கப் போவதில்லை. நோய் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. வயது வந்த இருவர் மனமொத்து இருப்பது குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6-ல் சொல்லிவிட்டது. ‘மாற்றிக் காட்டுகிறேன்’ என்று வைத்தியம் செய்வது தொழில் ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் அறிவித்தது. ஆகவே டாக்டரோ கோடாங்கியோ, யார் ‘சரி பண்ணித் தருகிறேன்’ என்றாலும் எழுந்து வந்துவிடு. வயது வந்தவர்கள் என்று சட்டம் சொல்வதையும் கவனி. பதினெட்டு முடியும் முன்னால் போனில் பழகித் தனியாகச் சந்திக்கக் கூப்பிடுகிற பெரிய ஆள் எவனும் உனக்கு நல்லது நினைப்பவன் அல்ல.

இப்போது வேலைக்கு வருவோம். நாளையிலிருந்து தங்கை பள்ளிவிட்டு நேரே வீட்டுக்குப் போகக் கூடாது. அத்தை வீட்டுக்குப் போக வேண்டும். அப்பாவோடு பேச்சில்லை என்று அதை ஒரு தடையாக எழுதியிருக்கிறாய், எனக்கு அதுதான் தகுதியாகத் தெரிகிறது. உன் அப்பாவின் குணம் தெரிந்ததால்தானே பேசாமல் இருக்கிறார்? அத்தையிடம் மழுப்பிப் பேசாதே. ‘பிள்ளை பயந்து ஒளிகிறாள், நாலரையிலிருந்து எட்டு வரை இங்கே இருக்கட்டும்’ என்று நேரத்தைச் சொல்லிக் கேள். நேரம் சொல்லாமல் கேட்கிற உதவி ஒரு வாரத்தில் நீர்த்துப் போகும். அப்பா வந்து கத்தினால் என்ன செய்வது என்பதையும் அன்றைக்கே பேசிவிடு. கதவைத் திறக்க வேண்டியதில்லை, 100-க்குப் போன் செய்தால் போதும். அவர் கை ஓங்கும்போது நீ நடுவில் போய் நிற்கிற வேலையும் வேண்டாம். அடி வாங்குவதற்குப் பெயர் கடமை இல்லை.

அடுத்து பஸ். கண்டக்டர் பக்கத்தில் நின்றால் அன்றைக்கு ஒரு நாள் தப்பலாம். தொல்லை முழுதாக ஓய எழுத்தில் புகார் வேண்டும். ஒரு வெள்ளைத் தாளில் தேதி, பஸ் எண், நேரம், யார் யார், எந்த இடத்தில் கை வைத்தார்கள், என்ன வார்த்தை சொன்னார்கள், பக்கத்தில் யார் இருந்தார்கள், இவ்வளவும் எழுது. ‘கேலி செய்கிறார்கள்’ என்று மட்டும் எழுதினால் ‘பசங்க விளையாட்டு’ என்று மடித்து வைத்துவிடுவார்கள், அங்கேதான் இந்த மாதிரிப் புகார்கள் எல்லாம் செத்துப் போகின்றன. இரண்டு பிரதி எடு. ஒன்றைத் தலைமை ஆசிரியரிடம் கொடுத்து, மற்றதில் பெற்றுக்கொண்டதாகத் தேதியோடு கையெழுத்து வாங்கு. அந்தத் தாளில் உனக்கு யாரைப் பிடிக்கும் என்பது ஒரு எழுத்துகூட வரவேண்டியதில்லை. புகார் அவர்கள் கையைப் பற்றியது. யாராவது ‘நீ அப்படியா?’ என்று திருப்பிக் கேட்டால், ‘அது இந்தப் புகாரில் இல்லை சார்’ என்று சொல், போதும்.

கொடுப்பதற்கு முன்னால் ஒன்று தெரிந்துகொள். உடம்பில் கை வைத்தார்கள் என்று எழுதினால் அது பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற போக்சோ சட்டத்துக்குள் வரும். 2012-ல் வந்த அந்தச் சட்டம் பதினெட்டு வயதுக்குக் கீழே ஆண் பிள்ளை, பெண் பிள்ளை என்று பிரிப்பதில்லை. விஷயம் தெரிந்துவிட்டால் தலைமை ஆசிரியர் போலீஸுக்குச் சொல்லியே ஆகவேண்டும், மூடி மறைத்தால் அவருக்கே தண்டனை. உன் பெயரை வெளியிடக் கூடாது. அந்தப் பையன்களும் பதினெட்டுக்குக் கீழே என்றால் விவகாரம் இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும். போலீஸ் வீட்டுக்கு வந்து நின்றால் அப்பா என்ன செய்வார் என்ற பயம் உனக்கு இருக்கும், அது நியாயமான பயம். அதனால்தான் தங்கையை முதலில் அத்தை வீட்டில் விடச் சொல்கிறேன். பள்ளி அசையவில்லை என்றால் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417.

தங்கைக்காகக் குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் பேசு. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், காசு இல்லை. அழுதுகொண்டே பேசினால் பாதி விவரம் விட்டுப்போகும், எழுதி வைத்துக்கொண்டு படி. அவள் வயது, ஊர், எந்த நேரத்தில் தனியாக இருக்கிறாள், அப்பா அவளை அடித்திருக்கிறாரா, இன்று ராத்திரி பாதுகாப்பாக இருக்கிறாளா. விசாரிக்க வீட்டுக்கு வேண்டாம், அவள் பள்ளியில் வந்து பாருங்கள் என்று சொல். அப்பா கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது கேட்டால் பிள்ளை ‘ஒண்ணுமில்ல’ என்றுதான் சொல்லும், வந்தவர்கள் அதை எழுதிக்கொண்டு போய்விடுவார்கள்.

உன் அம்மாவை விட்டுவிடப் போவதில்லை. பிள்ளை பத்தாயத்துக்குப் பின்னால் இருப்பது எட்டு மணிக்கு வருகிற தாய்க்குத் தெரியாமலா இருக்கும்? தெரியும். அடிபட்டவள்தான், பாவம்தான். ஆனாலும் தாய். மாவட்ட சமூக நலத் துறையில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், 2005-ல் வந்த குடும்ப வன்முறைச் சட்டப்படி அவர் மூலமாகப் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். வீடு அப்பா பேரிலேயே இருந்தாலும் அவளை அவர் பாட்டுக்கு வெளியே தள்ள முடியாது. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால் பெண்கள் உதவி எண் 181. கடையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பேசச் சொல், வீட்டிலிருந்து வேண்டாம்.

அப்பாவுக்கு வந்த அந்த வலிப்பு சாமி குற்றமென்று யாராவது சொல்லியிருப்பார்கள். தினமும் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் முதல் நாள் கை நடுங்கும், இரண்டாம் மூன்றாம் நாளில் வலிப்பும் புத்தித் தடுமாற்றமும் வரலாம், உயிரே போகலாம். நிறுத்தியது தப்பில்லை, ஆஸ்பத்திரியில் சேர்க்காமல் நிறுத்தியதுதான் தப்பு. திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவில் காட்டி, சேர்த்து, மருந்தோடு நிறுத்த வேண்டும். அவர் வருவாரா என்பது அவர் பாடு. பிள்ளையின் பாதுகாப்பை அதற்காகக் காத்திருக்க வைக்காதே.

அம்மாவிடம் உன்னைப் பற்றி இப்போது சொல்லாதே. உன்னிடம் குற்றம் இருக்கிறது என்பதால் அல்ல, அந்த வீட்டில் எந்த ரகசியமும் அப்பாவின் குடிக்குக் கொறிக்கிற தீனியாகிவிடும் என்பதால். மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார் உன் கையில் இருக்கட்டும். உன் ஒருவன் பேரில் மட்டும் வங்கிக் கணக்கு இருக்கட்டும். ஒரு வாரம் படுக்க வேறு இடம் இருக்கட்டும். பிறகு சொல்.

திருப்பூர் கூடவே கூடாது. பிளஸ் டூ முடிக்காத பதினேழு வயதுப் பையனை அங்கே ஓவர்டைமில் உருட்டிப் பிழிந்துவிடுவார்கள். பரீட்சை எழுது. அரசுக் கல்லூரியில் சேர்ந்து நலத்துறை விடுதிக்கு விண்ணப்பம் போடு, சாப்பாடும் இடமும் இலவசம். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 2024-ல் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். தங்கையை விட்டுப் போகலாமா என்று அப்போது உனக்குக் கை நடுங்கும். போகத்தான் வேண்டும். தங்கைக்காக அந்த வீட்டிலேயே கிடப்பதை நான் அண்ணன் கடமை என்று சொல்லமாட்டேன். நீ இல்லாத ஊரிலும் அவள் பயமில்லாமல் வீட்டுப்பாடம் எழுதுகிற மாதிரி ஏற்பாடு செய்துவிட்டுப் போ. அதற்கு இன்னும் சில மாதம் இருக்கிறது, தை பிறக்குமுன் ஆரம்பி.

நடுவில் ஏதாவது ராத்திரி உயிரே வேண்டாம் என்று தோன்றினால் விடியும்வரை காத்திருக்காதே, மனநல உதவி எண் 14416-க்கு அடி, தமிழில் பேசுவார்கள். அந்த ஆற்றங்கரை நடையை இன்றோடு விடு. சம்பா வயலில் தண்ணீர் நிற்கிற மாதத்தில் இருட்டில் கரையில் நடக்கிற பாதை இல்லை அது.

முதல் நாள் அத்தை வீட்டுக்கு நீயும் கூடப் போ. ஒரு பையில் தங்கைக்கு மாற்றுத்துணியும் பாவாடையும் எடுத்துக்கொள். அத்தை எண், அம்மா வேலை செய்கிற கடையின் எண், 1098, மூன்றையும் அவளுக்கு மனப்பாடம் ஆக்கு. நோட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடாதே. ஓட வேண்டிய நேரத்தில் நோட்டு பத்தாயத்துக்குப் பின்னால் கிடக்கும்.