செல்லாது என்று திரும்பிய அட்டை

கேள்வி: மார்கரெட் அட்வுட்டின் ‘த ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்’ நாவலை இப்போதுதான் முடித்தேன். பெண்களுக்குச் சிவப்பு அங்கி மாட்டி, பிள்ளை பெற மட்டும் வீடு வீடாக அனுப்புகிறார்கள். மனசே கனத்துவிட்டது. ஆனாலும் இது மிகை இல்லையா?
- வாசகி, விருதுநகர்

பதில்: மிகை இல்லைம்மா. 1984-ல் மேற்கு பெர்லினில் இருந்தபடி இதை எழுதத் தொடங்கிய அட்வுட் ஒரு விதி வைத்துக்கொண்டார்: மனிதர்கள் எங்கேயும் எப்போதும் செய்திராத எதையும் இதில் சேர்க்கக் கூடாது. ருமேனியாவில் சௌசெஸ்கு 1966-ல் போட்ட 770-ஆம் ஆணை, கருக்கலைப்பைத் தடுத்துப் பெண்களைப் பிள்ளை பெற வைத்தது. 1989-ல் அவர் ஆட்சி கவிழ்ந்த பிறகுதான் அது போனது. அர்ஜென்டினாவின் ராணுவ ஆட்சி, சிறையில் பிரசவித்த பெண்களின் குழந்தைகளைப் பிடுங்கி வேறு குடும்பங்களுக்குக் கொடுத்தது.

என் தூக்கத்தைக் கெடுத்தது ஒரு கடைக் காட்சி. சிவப்பு அங்கிக்கு முந்தைய நாட்கள் அவை. கதை சொல்லும் பெண் சிகரெட் வாங்கப் போகிறாள். வழக்கமாக இருக்கும் அம்மா அங்கே இல்லை, யாரோ ஒரு பையன். அட்டை எண்ணை அடித்துவிட்டு, செல்லாது என்கிறான். இன்னொரு தடவை போடச் சொல்கிறாள். அப்போதும் அதேதான். அன்றைக்கே நூலக வேலையும் போகிறது. பெண்கள் பெயரில் இருந்த கணக்கெல்லாம் முடக்கம். அவள் பணம் இனி கணவன் கையில். அவன் நல்லவன்தான். நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறான். அங்கேதான் அவளுக்குச் சுருக்கென்கிறது. முப்பது வருடம் வங்கிக் கவுன்ட்டரில் உட்கார்ந்தவள் நான். ஒரு கணக்கை முடக்க எத்தனை நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும்.

அப்புறம் எழுத்து. கிலியட்டில், அதாவது நாவலில் வரும் அந்த நாட்டில், பெண்கள் படிக்கக் கூடாது, கடைப் பலகையில்கூடப் படம்தான். ஒருநாள் இரவு, அவள் பிள்ளை பெற அனுப்பப்பட்ட வீட்டின் தலைவரான கமாண்டர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிடுகிறார். என்ன கேட்பாரோ என்று நடுங்கிக்கொண்டே போகிறாள். ஸ்கிராபிள் விளையாடலாமா என்கிறார்! அந்த எழுத்துச் சில்லுகளை மிட்டாய் மாதிரி வாயில் போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது அவளுக்கு. ஆப்கானிஸ்தானில் 2021 செப்டம்பரிலிருந்து 6-ஆம் வகுப்புக்கு மேல் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. 2022 டிசம்பரில் பல்கலைக்கழகத்தையும் மூடிவிட்டார்கள். இப்போது அந்தப் பக்கத்தைப் புரட்டினால் அந்தப் பிள்ளைகளின் கைதான் எனக்குக் கண்ணில் தெரிகிறது.

கேள்வி: அடுத்த பாகமும் படிக்கலாமா?

பதில்: கட்டாயம். 2019-ல் வந்த ‘த டெஸ்டமென்ட்ஸ்’. வளர்ந்த ஒரு பெண் முதன்முதலாக எழுத்துக்கூட்டிப் படிக்கும் இடம் அதில் வரும். அந்தப் பக்கங்களை மட்டும் அவசரப்படாமல் படியுங்கள்.