டகோமாவில் டிஆர்டி ஸ்போர்ட்டா, ஆஃப்-ரோடா, புரோவா?

டென்வரில் தினமும் ஆபீசுக்கு ஓட்ட வேண்டும், கோடையில் மலைப்பாதைகளுக்கும் போக வேண்டும், பின் சீட்டில் இரண்டு சின்னக் குழந்தைகள். இதற்கு டொயோட்டாவின் டகோமா பிக்கப் வண்டியில் எந்த டிரிம் (ஒரே மாடலின் எந்த வகை) சரி என்று கேட்டிருக்கிறீர்கள். ஆஃப்-ரோடு எடுங்கள். நானும் அதைத்தான் ஓட்டுகிறேன்.

2024 மாடலில் தொடங்கிய புதிய தலைமுறையில் ஸ்போர்ட்டுக்கும் ஆஃப்-ரோடுக்கும் அடிப்படை எஞ்சின் ஒன்றுதான்: 2.4 லிட்டர் டர்போ, ஆட்டோமேட்டிக்கில் 278 குதிரைத்திறன். ஸ்போர்ட்டின் சஸ்பென்ஷன் தார் ரோட்டுக்கானது, ரிம் 18 அங்குலம். ஆஃப்-ரோடில் பில்ஸ்டைன் கம்பெனியின் ஷாக் அப்சார்பர், 17 அங்குல ரிம்.

ஆனால் ஆஃப்-ரோடுக்குக் காசு கொடுப்பதே பின் அச்சில் இருக்கும் லாக்கருக்காகத்தான், அதாவது இரண்டு பின் சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டும் அமைப்புக்காகத்தான். கொலராடோவில் ஊரே (Ouray) என்ற ஊர்ப் பக்கம் 13,114 அடி உயர இமோஜீன் கணவாய்க்கு ஏறுவது மாதிரியான பாதையில், ஒரு முன் சக்கரம் பாறைமேல் ஏறியதும் அதே பக்கப் பின் சக்கரம் அந்தரத்தில் தொங்கிவிடும். லாக்கர் இல்லாவிட்டால் தொங்கும் சக்கரம் சும்மா சுற்றும், தரையில் இருக்கும் சக்கரத்துக்கு இழுவை வராது. ஸ்போர்ட் அந்தச் சக்கரத்தைப் பிரேக் பிடித்து அடக்கப் பார்க்கும். ஆனால் சக்கரம் வழுக்கிச் சுற்றிய பிறகுதான் அது வேலையைத் தொடங்கும், அதற்குள் சரளை பறந்து குழி விழுந்துவிடும். லாக்கர் இருந்தால், பாறைக்கு முன்பே 4-லோவுக்கு (நான்கு சக்கரத்துக்கும் இழுவை தரும் மெதுவான கியருக்கு) மாற்றிப் பட்டனை அழுத்துங்கள். விளக்கு சிமிட்டுவது நிற்கும்வரை வண்டியை மெல்ல உருட்டுங்கள். இரண்டு பின் சக்கரமும் ஒன்றாகச் சுற்ற ஆரம்பித்துவிடும், அப்புறம் ஆக்சிலரேட்டரை லேசாகத் தொட்டாலே ஏறும். கெட்டித் தரைக்கு வந்ததும் அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் வளைவில் வண்டி திரும்ப மறுக்கும்.

புரோ நல்ல வண்டி, அதில் சந்தேகமே இல்லை. 326 குதிரைத்திறன் ஹைப்ரிட், ஃபாக்ஸ் கம்பெனியின் ஷாக். ஆனால் அந்த ஷாக் தன் முழுத் திறமையைக் காட்டுவது பாலைவன மணலில் வேகமாக ஓட்டும்போது. கொலராடோவின் கல்பாதைகளில் மணிக்கு 5 மைலில் ஊர்பவருக்கு அது தேவையில்லை. 2024-இல் புரோவின் பட்டியல் விலை 63,900 டாலர், ஆஃப்-ரோடு ஏறத்தாழ 42,000-இல் தொடங்கியது. மிச்சத்தில் ஒரு சிறு பங்கை நல்ல ஆல்-டெரெயின் டயருக்கும் அடித்தட்டுக் கவசத்துக்கும் போட்டால் பாதையில் அதிகம் உதவும். இன்னொன்று, புரோவில் முன் சீட்டுகளுக்கே தனி ஷாக் வைத்திருக்கிறார்கள். அவை பின் சீட்டில் கால் வைக்கும் இடத்தைத் தின்கின்றன. அந்த இடம் டகோமாவில் ஏற்கெனவே குறைவு.

பழைய வண்டி பார்க்கிறீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை: 2016 முதல் 2023 வரையிலான தலைமுறையில் ஆஃப்-ரோடு என்று ஸ்டிக்கர் இருந்தும் 4x2-ஆக, அதாவது பின் சக்கரம் இரண்டுக்கு மட்டும் இழுவையோடு, வந்தவை உண்டு. உள்ளே 4-லோ இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.

எதை எடுத்தாலும் டபுள் கேப்பாகவே (நான்கு கதவும் முழுப் பின் சீட்டும் உள்ளது) எடுங்கள். டீலரிடம் போகும்போது உங்கள் கார் சீட் இரண்டையும் கொண்டுபோய்ப் பின்னால் மாட்டி, முன் சீட்டில் உங்கள் உயரத்துக்கு உட்கார முடிகிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.