பின்விளக்கு எரியாத டிரெய்லர்: அபராதம் கட்டுவதற்கு முன் யோசியுங்கள்

கேள்வி: நான்கு மாதங்களுக்கு முன், இரவு எட்டு மணியளவில், கள்ளக்குறிச்சி அருகே பைக்கில் சென்றபோது எதிரே வந்த பேருந்தின் ஹை பீம் வெளிச்சத்தில் கண் கூசியது. முன்னால் சென்ற கரும்பு டிராக்டரின் டிரெய்லரில் பின்விளக்கும் இல்லை, ரிஃப்ளெக்டரும் இல்லை. அதில் மோதி என் தொடை எலும்பு முறிந்து, கம்பி வைத்திருக்கிறார்கள். டிராக்டர் உரிமையாளர் ஒருமுறைகூட வந்து பார்க்கவில்லை. போலீசாரோ என் மீதே வழக்குப் போட்டுவிட்டு, "அபராதம் கட்டினால் முடிந்துவிடும்" என்கிறார்கள். இவர்கள் அனைவர் மீதும் வழக்குத் தொடரலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: உங்கள் கடிதத்தில் சட்டப்படி பொருட்படுத்த வேண்டியது ஒன்றுதான். டிரெய்லரின் பின்னால் விளக்கு எரியவில்லை என்பதை எதைக் கொண்டு நிரூபிக்கப் போகிறீர்கள்? உரிமையாளர் வந்து பார்க்காததற்கு, விபத்து இழப்பீட்டை முடிவு செய்யும் தீர்ப்பாயம் ஒரு ரூபாயும் தராது. பதிவு எண் தெரியாத பேருந்தை மறந்துவிடுங்கள். காவல்துறை மீது வழக்குத் தொடர்வதில் காலம்தான் கரையும். உண்மையில் நடந்ததை எழுதி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு ஒரு மனு கொடுத்து, அதற்கான ஒப்புகைச் சீட்டை வைத்துக்கொண்டால் போதும்.

இனி அபராதத்துக்கு வருகிறேன். உங்களைத் தவிர வேறு யாருக்கும் காயமில்லை என்பதால், உங்கள் மீதுள்ளது பெரும்பாலும், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-வது பிரிவாகத்தான் (பொதுச் சாலையில் அஜாக்கிரதையாக வண்டி ஓட்டுதல்) இருக்கும். அதற்கு அபராதம் அதிகபட்சம் 1,000 ரூபாய். ஒரே நாளில் தலைவலி தீர்ந்துவிடும் என்று நம்பி, மாஜிஸ்திரேட் முன் "குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்த கட்சிக்காரர்கள் பிறகு இழப்பீட்டு மனுவோடு வரும்போது, எதிர்த்தரப்புக் காப்பீட்டு நிறுவனம் முதல் ஆவணமாக அந்த உத்தரவின் சான்றிட்ட நகலைத்தான் தாக்கல் செய்கிறது. குற்றவியல் நீதிமன்றத்தின் தீர்ப்பு தீர்ப்பாயத்தைக் கட்டுப்படுத்தாது என்று நாங்கள் வாதிடலாம். ஆனால் அது நீதிமன்றம் விசாரித்து எழுதிய முடிவு அல்ல, உங்கள் வாயிலிருந்தே வந்த ஒப்புதல். அதற்குப் பிறகு விளக்கு எரியவில்லை என்று நீங்கள் சொல்வது, தப்பிக்கச் சொல்லும் கதையாகவே பார்க்கப்படும். ஆகவே குற்றத்தை மறுத்து, விசாரணை கோருங்கள். நான்கைந்து வாய்தாவுக்கு அலைவதுதான் இதற்கு நீங்கள் கொடுக்கும் விலை.

சாட்சியத்தைப் பொறுத்தவரை, மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கையை நம்பியிருக்க வேண்டாம். ஆய்வுக்கு வண்டி வருவதற்குள் புது விளக்கு மாட்டப்பட்டிருக்கும். "விபத்து இயந்திரக் கோளாறால் நிகழவில்லை" என்ற வழக்கமான வரி உங்களுக்கு எதிராகவே படிக்கப்படும். டிராக்டரில் விளக்கு எரிந்தது என்பார்கள்; கரும்புக் கட்டுகள் அதை மறைத்துவிடும் என்பதால் கேள்வி டிரெய்லரின் விளக்கைப் பற்றியது மட்டுமே. டிராக்டரிலிருந்து டிரெய்லருக்குச் செல்லும் ஒயரும் பிளக்கும் மாட்டப்படாமல் தொங்குவது அன்றிரவு யாராவது எடுத்த படத்தில் பதிவாகியிருந்தால், அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. எடுத்தவரின் போனிலேயே மூலப்படம் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த பிரதியோடு மட்டும் போனால், மின்னணுச் சான்றுக்குத் தேவையான சான்றிதழ் தருவதில் சிக்கல் வரும். மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகலையும் இப்போதே வாங்கிப் பாருங்கள். அதில் "வழுக்கி விழுந்தார்" என்று இருந்தால், அதற்கான விளக்கத்தை இழப்பீட்டு மனுவிலேயே சொல்லியாக வேண்டும்.

ஹை பீம் விஷயத்தை மனுவின் முதல் வரியாக்காதீர்கள், மறைக்கவும் வேண்டாம். விளக்கின்றி நடுச்சாலையில் நின்ற டேங்கரில் மோதியவருக்கு எதிர் வெளிச்சம் கண்ணை மறைத்திருந்தும், அவர் மீது பங்குக் கவனக்குறைவு (விபத்துக்கு அவரும் ஓரளவு காரணம் என்பது) இல்லை என்று அர்ச்சித் சைனி வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் நிஷான் சிங் வழக்கில், முன்னால் சென்ற லாரியிடமிருந்து போதிய இடைவெளி விடாமல் ஓட்டியவர் தரப்புக்கு எதிராகவும் தீர்ப்பு வந்தது. உங்கள் டிரெய்லர் நின்றுகொண்டிருக்கவில்லை, ஓடிக்கொண்டிருந்தது. எதிர்த்தரப்பு இரண்டாவது தீர்ப்பைத்தான் கையில் எடுக்கும்.

எனவே நேரடியாகவே சொல்கிறேன்: முழுத் தொகையை எதிர்பார்க்காதீர்கள். மூன்றில் ஒரு பங்கு வரை கழித்துக்கொண்டு காப்பீட்டு நிறுவனம் மக்கள் நீதிமன்றத்தில் சமரசத்துக்கு வந்தால் ஏற்றுக்கொள்வதே நல்லது. டிராக்டருக்கு மட்டும் பாலிசி எடுத்து டிரெய்லரை விட்டிருந்தால், இதுவும் கிடைக்காமல் போகலாம் என்பதால் பாலிசி நகலை முதலில் கேட்டு வாங்குங்கள். ஆனால் மக்கள் நீதிமன்றத் தீர்ப்புக்கு மேல்முறையீடு இல்லை. கம்பியை எடுக்கும் செலவும் ஊனச் சதவீதமும் மருத்துவர் கையெழுத்தோடு கைக்கு வருமுன் தொகையைப் பேசாதீர்கள். மனுவை மட்டும் இதற்காகத் தள்ளிப்போட வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-வது பிரிவின்படி விபத்து நடந்த ஆறு மாதங்களுக்குள் தாக்கல் செய்ய வேண்டும், உங்களுக்கு மீதமிருப்பது இரண்டே மாதம். இதற்கிடையில் உரிமையாளர் தரப்பில் யாராவது வந்து, சிறு தொகையைக் கொடுத்து முத்திரைத்தாளில் கையெழுத்துக் கேட்டால், போடாதீர்கள்.