நாற்பதாம் பக்கத்தில் நின்றுவிட்ட நூல்

கேள்வி: ரஷ்யக் கவிஞர் மரியா ஸ்தெபானோவாவின் 'நினைவின் நினைவாக' நூலை ஆங்கிலத்தில் வாங்கி, நாற்பது பக்கத்தோடு நிறுத்திவிட்டேன். கதை நகரவே இல்லை. என் வாசிப்பில்தான் குறையா? அவருடைய கவிதைகளுக்குப் போய்விடலாமா?

பதில்: குறை உங்களுடையதன்று. 2021இல் சர்வதேச புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றதால் பலரும் அதை நாவல் என்று நம்பித் திறக்கிறார்கள். ரஷ்ய மூலத்தின் துணைத்தலைப்போ 'ரோமான்ஸ்'. நாவலைக் குறிக்கும் 'ரோமான்' என்ற சொல்லைச் சீண்டும் அச்சொல்லுக்கு அங்கே ஒருவகைப் பாடல் என்பது பொருள். 1972இல் மாஸ்கோவில் பிறந்து, கார்க்கி இலக்கியக் கழகத்தில் பயின்று, கவிஞராகவே அறியப்பட்ட ஒருவர் எழுதிய உரைநடை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், அது நகராததன் காரணம் விளங்கும்.

ஸ்தெபானோவா தம் குடும்பத்தின் கடந்த காலத்தைத் தேடும் நூல் இது. இறந்துபோன தம் அத்தை கால்யாவின் நாட்குறிப்புகளை அவர் புரட்டுகிறார்; அவற்றில் அத்தை எழுந்த நேரமும் பார்த்த தொலைக்காட்சி நிகழ்ச்சியும் இருக்கின்றன, அத்தைதான் இல்லை. இறந்தவர்களைப் பற்றி எழுத நமக்கு என்ன உரிமை என்ற கேள்வியே நூலின் முதுகெலும்பு என்பேன். உயிரோடிருந்த தந்தையிடம், இளமையில் அவர் கஜகஸ்தானிலிருந்து எழுதிய கடிதங்களை நூலில் சேர்க்க ஸ்தெபானோவா அனுமதி கேட்கிறார், அவர் மறுத்துவிடுகிறார். அப்படி மறுக்க வாய்ப்பில்லாத மற்ற உறவினர்கள் அனைவரையும் தாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று மகள் திகைக்கும் அந்தப் பகுதிக்காகவே நூலை வாங்கலாம். (நடுவே வரும் அருங்காட்சியகச் சிந்தனைகள் சில எனக்கும் நீளமாகவே பட்டன.)

கவிதைகளுக்குத் தாராளமாகப் போகலாம். ஆனால் அவை எளியவை அல்ல. கிழக்கு உக்ரைன் போரின் நிழலில் 2014, 2015ஆம் ஆண்டுகளில் எழுதிய இரு நெடுங்கவிதைகளில், பழங்காவிய வரிகளையும் போர்ப்பாடல்களையும் இடிந்த கட்டடத்தின் கற்களைப்போல் பெயர்த்தெடுத்துப் பதித்திருக்கிறார். எந்தக் கல் எங்கிருந்து வந்தது என்று தேடாமல், முதலில் வாய்விட்டு வாசியுங்கள். 2022 படையெடுப்புக்குப் பின் ரஷ்யாவுக்கு வெளியே வாழும் அவர், 2023இல் ஜெர்மனியின் லைப்ஸிக் புத்தகப் பரிசு பெற்றதும் ஒரு கவிதைத் தொகுப்புக்காகவே.

உரைநடை நூலையும் கைவிட வேண்டாம். அதில் 'அத்தியாயம் அல்லாதது' என்ற தலைப்பில், குடும்பக் கடிதங்களைக் கொண்ட சிறு பகுதிகள் இடையிடையே வரும். லெனின்கிராட் போர்முனையிலிருந்து, 1942இல் இறப்பதற்குமுன், தாம் நலமாக இருப்பதாகவே தாய்க்கு எழுதிக்கொண்டிருந்த லியோதிக் என்ற இளைஞனின் கடிதங்களும் நூலில் உண்டு. நாற்பதாம் பக்கத்துக்குத் திரும்பாமல், அவற்றிலிருந்து தொடங்குங்கள்.