டிசம்பரில் டோக்கியோ வருகிறவருக்கு: ஃப்ளூ மாத்திரை பற்றி

தம்பி, மனைவியையும் நாலு வயசுப் பையனையும் கூட்டிக்கொண்டு டிசம்பரில் டோக்கியோ வருவதாக எழுதியிருக்கிறீர்கள். வாடகை எவ்வளவு, இட்லி அரிசி எங்கே கிடைக்கும், ஊரிலிருந்தே டாமிஃப்ளூ என்ற ஃப்ளூ மாத்திரையை வாங்கி வரலாமா, முன்கூட்டியே போட்டுக்கொண்டால் ஃப்ளூ வராதா என்று கேட்கிறீர்கள். வாடகையைக் கம்பெனி ஆட்கள் சொல்வார்கள், அரிசி டோக்கியோவின் நிஷி-கசாய் பகுதியில் கிடைக்கும். ஃப்ளூவுக்கு மட்டும் விரிவாகப் பதில் சொல்கிறேன், நானும் ஒரு டிசம்பரில்தான் இங்கே வந்து இறங்கினேன்.

மாத்திரையைச் சுமந்து வர வேண்டாம். இங்கே எந்தச் சின்ன கிளினிக்கிலும் மூக்கில் குச்சி விட்டு டெஸ்ட் செய்து, அங்கேயே சீட்டு எழுதித் தருவார்கள். காப்பீட்டில் நாம் கொடுப்பது 30 சதவீதம்தான், டோக்கியோவின் 23 வார்டுகளில் குழந்தைக்கு நம் பங்கையும் வார்டே ஏற்றுக்கொள்கிறது. அதனால் விலாசம் பதியப் போகும் நாளிலேயே காப்பீட்டையும் குழந்தையின் மருத்துவ அட்டையையும் கேட்டுவிடுங்கள், பெட்டி பிரிப்பதெல்லாம் அப்புறம்.

முக்கியமானது நேரம். இந்த மருந்துகள் வைரஸ் பெருகுவதைத்தான் தடுக்கும், அதனால் காய்ச்சல் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நல்ல பலன். நம் ஆட்கள் மூன்று நாள் கஷாயம் குடித்துப் பார்த்துவிட்டு நாலாம் நாள் கிளினிக்குக்கு ஓடுகிறார்கள். அதற்காகக் காய்ச்சல் வந்த முதல் மணியிலேயே ஓடினாலும் டெஸ்டில் தெரியாமல் போகலாம், பாதி நாளாவது கழித்துப் போங்கள். மூச்சுத்திணறலோ வலிப்போ இருந்தால் காத்திருக்காதீர்கள். பெரியவர்களுக்கு ஓசெல்டாமிவிர் (டாமிஃப்ளூவில் இருக்கும் மருந்து) 75 மில்லிகிராம், காலை ஒன்று மாலை ஒன்று, 5 நாள். இரண்டாம் நாளே காய்ச்சல் விட்டது என்று நிறுத்தக் கூடாது. ஒரே வேளையோடு முடியும் ஸோஃப்ளூசாவும் உண்டு, எதைத் தருவது என்பதை டாக்டரிடம் விடுங்கள்.

முன்கூட்டிப் போட்டுக்கொள்வது எல்லாருக்கும் ஆனதல்ல. வீட்டில் ஒருவருக்கு வந்து, கூடவே வயதானவரோ, சர்க்கரை, ஆஸ்துமா, இதய நோய் உள்ளவரோ இருந்தால் அவர்களுக்குத் தினம் ஒன்றாக 7 முதல் 10 நாள் தருவார்கள். அதற்குக் காப்பீடு கிடையாது, முழுப் பணமும் நம்முடையது. உங்களுக்கு வேண்டியது தடுப்பூசி. உடம்பில் எதிர்ப்புச் சக்தி வர இரண்டு வாரம் ஆகும், ஊரிலேயே மூன்று பேரும் போட்டுக்கொண்டு விமானம் ஏறுங்கள்.

பையன் விஷயத்தில் இரண்டைச் சொல்லியே ஆக வேண்டும். ஊர் வழக்கப்படி மெஃப்தால் என்ற காய்ச்சல் சிரப்பைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வராதீர்கள். அதிலுள்ள மெஃபனாமிக் அமிலத்தை ஃப்ளூ வந்த குழந்தைகளுக்கு இங்கே கொடுப்பதில்லை, மூளைக்காய்ச்சல் பயம். பாராசிட்டமால் போதும். இன்னொன்று, ஃப்ளூ வந்த பிள்ளைகள் சிலர் திடீரென்று எழுந்து ஓடுவார்கள், ஜன்னல் பக்கம் போவார்கள். மருந்து சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இது நடக்கிறது. காய்ச்சல் தொடங்கி இரண்டு நாளாவது தனியாக விடாதீர்கள், பால்கனிக் கதவைப் பூட்டி வையுங்கள் என்று அரசாங்கமே சொல்கிறது. நமக்கு அமைவதெல்லாம் ஏழாம் மாடி, எட்டாம் மாடி வீடுகள்.

எனக்குத் தீராத கோபம் ஒன்று உண்டு. நம்மவர்களின் வாட்ஸாப் குழுக்களில் யாருக்காவது காய்ச்சல் என்றால் உடனே "அசித்ரோமைசின் என்கிட்ட இருக்கு, வந்து வாங்கிக்கோ" என்று ஒருவர் கிளம்பிவிடுவார். ஃப்ளூ வைரஸ், ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது. பத்து வருஷம் இங்கே இருந்தவர்களே இதைச் செய்கிறார்கள். காய்ச்சல் விட்ட மறுநாளே பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். உங்கள் பையன் வயதுக்கு விதி, காய்ச்சல் தொடங்கி 5 நாள் கழிய வேண்டும், விட்டபின் 3 நாளும் ஆக வேண்டும். ஊருக்கு ஏற்றபடி நாம்தான் மாற வேண்டும், நான் மாறினேன்.

நான் வந்த குளிர்காலத்தில் ஒரு வார்த்தை ஜப்பானியம் தெரியாது. ஹீட்டர் ரிமோட்டில் எழுதியிருப்பதுகூடப் புரியாமல், காய்ச்சலோடு கோட்டைப் போட்டுக்கொண்டு படுத்துக் கிடந்தேன். முதலில் போன கிளினிக்கில் மொழி புரியவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கீழ் வீட்டுப் பாட்டிதான் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையைப் பிடித்து இன்னொரு டாக்டரிடம் கூட்டிப்போனார். அன்று சாயங்காலம் உப்பு போட்ட அரிசிக் கஞ்சியும் புளிப்பு ஊறுகாயும் கொண்டுவந்து வைத்தார், நம் வீட்டில் காய்ச்சலுக்குக் கொடுப்பது அப்படியே. அந்த வருஷமே வகுப்பில் சேர்ந்து மொழி படித்தேன், முதலில் மனப்பாடம் செய்தது உடம்பு உபாதைகளைச் சொல்லும் வாக்கியங்களைத்தான். இப்போது புதிதாக வருகிற பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் கிளினிக்குக்கு நானே போன் போட்டுப் பேசுகிறேன். உங்களுக்கும் பேசுவேன்.