அந்த முப்பது புரோகிராம்களின் பின் அட்டை

வாசகர் கேள்வி:

அக்கா, எனக்கு 41 வயது. ஊர் யாழ்ப்பாணத்து மயிலிட்டி, ஆறு வயதில் விட்டு வந்தது, இப்போது லண்டன் ரொம்ஃபோர்டில் இருக்கிறேன். வெஸ்ட் ஹாம் கால்பந்துக் கிளப் என்றால் எனக்கு உயிர். 1993-ல் அப்பாதான் என்னை முதன்முதலாக அப்டன் பார்க் மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். 2016-ல் கிளப் அந்த மைதானத்தை விட்டு ஸ்ட்ராட்ஃபோர்டுக்குப் போனதிலிருந்து எனக்குச் சொந்த வீடு இடிபட்ட மாதிரி இருக்கிறது. 600-க்கு மேல் மேட்ச் புரோகிராம்கள் (மேட்ச் அன்று விற்கிற சின்னப் புத்தகங்கள்), டிக்கெட் துண்டுகள், ஸ்கார்ஃப்கள், மைதானம் இடிபட்ட நேரம் வாங்கிய இரண்டு கதிரைகள் எல்லாம் வீட்டின் சின்ன அறையில் வைத்திருக்கிறேன். மகள் குசினி மேசையில் இருந்து படிக்கிறாள், அதையெல்லாம் விற்றுவிட்டு அறையைக் கொடுங்கள் என்று மனைவி தினமும் சண்டை. என் வலி யாருக்கும் விளங்கவில்லை. அப்பா ஈஸ்ட் ஹாமில் தனியாக இருக்கிறார், இரண்டு கிழமைக்கு ஒருதரம் சாமான் வாங்கிக் கொடுத்துவிட்டு வருவேன். அவருக்கும் இதெல்லாம் விளங்காது. ஆட்டமே விளங்காது. இரவு வேலை முடித்துவிட்டு வந்து பக்கத்தில் தூங்கி விழுவார், முழித்திருந்தால் புரோகிராமின் பின் அட்டையில் பேனாவால் ஏதாவது எழுதிக்கொண்டிருப்பார். அப்படி முப்பது புரோகிராமைக் கெடுத்து வைத்திருக்கிறார். கடைசி மேட்சுக்குக்கூட அவருடைய டிக்கெட்டில் நண்பனைத்தான் கூட்டிக்கொண்டு போனேன். மனைவிக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

பதில்:

தம்பி, மனைவியின் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், அதில் கதைக்க அதிகம் இல்லை. அறையை மகளுக்குக் கொடுங்கள். இந்த மாதமே கொடுங்கள். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை குழம்புச் சட்டிக்குப் பக்கத்தில் புத்தகத்தை விரித்து வைத்திருக்க, பழைய ஸ்கார்ஃப்களுக்கு ஒரு அறை கேட்கிற தகப்பனுக்கு நான் எந்த நியாயமும் சொல்ல மாட்டேன். அதே நேரம் மனைவியிடமும் சொல்லுங்கள், விற்றால் பெரிய காசு வராது. 90-களின் புரோகிராம்கள் ஆயிரக்கணக்கில் அச்சானவை, வாங்கின எல்லோரும் உங்களைப் போலவே பத்திரமாகப் பெட்டியில் போட்டு வைத்தவர்கள். இரண்டாம் உலகப் போருக்கு முந்தியவை, பெரிய இறுதியாட்டங்களின் பழைய புரோகிராம்கள், அப்படியானவற்றுக்குத்தான் விலை. ஆகவே விற்க வேண்டாம், கூரைக்கு அடியில் ஈரம் பிடிக்கிற இடத்தில் போடவும் வேண்டாம், வீட்டுக்குள் நடைவழிச் சுவரில் உயரமாக ஒரு தட்டு அடித்து அடுக்குங்கள். முடிந்தது.

இந்தப் பக்கத்தில் இருபது வருஷத்துக்கு மேலாகப் பதில் எழுதுகிறேன். மைதானம் போன துக்கத்தோடு கடிதம் எழுதியவர் நீங்கள் முதல் ஆள் இல்லை. 2006-ல் ஹைபரியை இழந்த ஆர்சனல் பிள்ளைகள் எழுதினார்கள், 2017-ல் வைட் ஹார்ட் லேனை இடித்தபோது டொட்டனம்காரர்கள் எழுதினார்கள், 2025 மே மாதம் எவர்ட்டனின் ஆண்கள் அணி 1892 முதல் ஆடிவந்த குடிசன் பார்க்கை விட்டு வந்தபோது லிவர்பூலிலிருந்து ஒரு டாக்டர் தம்பி எழுதினார். துக்கம் உண்மையானதுதான், நான் மறுக்கவில்லை. 1904 முதல் 2016 வரை, 112 வருஷம் உங்கள் அப்டன் பார்க்கில், ஒரே இடத்தில் சனம் கூடியிருக்கிறது என்றால் அந்த மண்ணுக்கு ஒரு கனம் இருக்கத்தான் செய்யும். அதற்கு ஆறுதல் கேட்டுத்தான் நீங்களும் எழுதியிருக்கிறீர்கள். அதை நான் தரப்போவதில்லை, ஏனென்றால் உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை அதற்கு மேல் போக விடவில்லை.

"முப்பது புரோகிராமைக் கெடுத்து வைத்திருக்கிறார்."

என்ன எழுதியிருக்கிறார் தம்பி?

நீங்கள் சொல்லவில்லை. எந்த ஆட்டத்தில் யார் எத்தனையாவது நிமிடம் கோல் போட்டார் என்பது உங்களுக்குத் தலைகீழ்ப் பாடமாக இருக்கும். 1993 முதல் அந்த முப்பது அட்டைகளும் உங்கள் வீட்டுப் பெட்டிக்குள் இருக்கின்றன, அப்பாவின் கையெழுத்து அதில் இருக்கிறது, அது என்னவென்று இத்தனை வருஷத்தில் ஒருநாளாவது வாசித்தீர்களா? வாசித்திருந்தால் "ஏதாவது" என்று எழுதியிருக்க மாட்டீர்கள். தமிழில் எழுதியிருப்பார், உங்களுக்கு வாசிக்கக் கொஞ்சம் கஷ்டமாக இருந்திருக்கும், அதுதான் காரணம் என்றால் அதையாவது சொல்லியிருக்கலாம். நீங்கள் அதைப் பார்த்தது விலை குறைகிற கறையாக மட்டும்தான்.

நான் 90-களில் ஈஸ்ட் ஹாமில் நாலு வருஷம் இருந்தவள், அதனால் உங்களுக்கு மறந்துபோன, அல்லது ஒன்பது வயதில் தெரிந்திருக்காத சிலதைச் சொல்கிறேன். மேட்ச் உள்ள சனிக்கிழமை என்றால் நாங்கள் பதினொரு மணிக்கு முன்னமே குயின்ஸ் மார்க்கெட்டுக்குப் போய் மீனும் முருங்கைக்காயும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிடுவோம். மூன்று மணி ஆட்டத்துக்கு மத்தியானத்திலிருந்தே மைதானத்துத் தெருவான கிரீன் ஸ்ட்ரீட் முழுக்கக் கிளப்பின் நிறங்களான கிளாரட் என்கிற கருஞ்சிவப்பும் நீலமுமாக நிறைந்துவிடும், பாட்டு, பியர், வெங்காயம் வதக்குகிற வாசனை. பெரும்பாலானவர்கள் யாருக்கும் தீங்கு நினைக்காத சாதாரண வேலைக்காரச் சனம். ஆனால் எங்களுக்கு யார் எவர் என்று முகத்தைப் பார்த்து எப்படித் தெரியும்? பெர்முடாவிலிருந்து வந்து அந்த அணிக்காகவே ஆடிய கிளைட் பெஸ்ட் 1970-களில் இங்கிலாந்து மைதானங்களில் நிறத்துக்காக வாங்கிய வசவுகள் எல்லோருக்கும் தெரிந்த கதை. நீங்கள் முதல் மேட்ச் பார்த்த அதே 1993-ம் ஆண்டு செப்டம்பரில், அங்கிருந்து சில மைல் தூரத்தில் ஐல் ஆஃப் டாக்ஸில், மில்வால் வார்டு இடைத்தேர்தலில் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களை எதிர்க்கும் தீவிர வலதுசாரிக் கட்சியான பிரிட்டிஷ் தேசியக் கட்சி ஜெயித்தது. வெளியே போனால் சேர்ந்து போங்கள், இருட்டுவதற்கு முன் வாருங்கள் என்று நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது.

அந்த வருஷம், அந்தத் தெருவால், இரவு முழுக்க நின்று வேலை செய்துவிட்டு, ஆட்டம் விளங்காத ஒரு மனிதர் ஒன்பது வயதுப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறார். ஒருநாள் இல்லை, வருஷக்கணக்காக. எதற்கு? ஓய்வாகத் தூங்க அவருக்கு வீட்டில் கட்டில் இருந்தது. நீங்கள் பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகளோடு கதைக்க ஒன்று வேண்டும் என்று நினைத்தாரோ, இந்த ஊர் தனக்கு ஒட்டாவிட்டாலும் மகனுக்கு ஒட்டட்டும் என்று நினைத்தாரோ, எனக்குத் தெரியாது. ஆனால் பந்தைப் பார்க்க வந்தவர் இல்லை அவர், உங்களைப் பார்க்க வந்தவர். பக்கத்தில் தூங்கி விழுந்தார் என்று குறை எழுதுகிறீர்களே, அந்தத் தூக்கத்தோடும் அவர் அங்கே இருந்தார் என்பது உங்கள் கண்ணில் படவில்லையா?

அப்புறம், "சொந்த வீடு இடிபட்ட மாதிரி" என்று எழுதிவிட்டு, ஐந்தாறு வரி தள்ளி அது அப்பாவுக்கு விளங்காது என்கிறீர்கள். மயிலிட்டிக்காரருக்கா விளங்காது? 1990 ஜூனில் போருக்குப் பயந்து மயிலிட்டி உள்ள வலிகாமம் வடக்குச் சனம் எழும்பி ஓடியபோது அடுப்பில் சோறு கொதிக்க விட்டுவிட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும். பிறகு அந்த இடம் முழுக்க ராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயம், வேலிக்கு வெளியே நின்றுகூடத் தன் வளவைப் பார்க்க முடியாது. மயிலிட்டித் துறைமுகமும் சுற்றியுள்ள காணிகளில் ஒரு பகுதியும் திருப்பிக் கொடுக்கப்பட்டது 2017 ஜூலையில், 27 வருஷத்துக்குப் பிறகு. போன சனம் பற்றையை வெட்டித்தான் தங்கள் அத்திவாரத்தைத் தேட வேண்டியிருந்தது. உங்கள் மைதானம் போய் ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது அப்போது, நீங்கள் கதிரை வாங்கிப் பூட்டிக்கொண்டிருந்திருப்பீர்கள். மயிலிட்டி விட்டார்களாம் என்று கேள்விப்பட்ட அன்று அப்பாவுக்கு ஒரு ஃபோன் எடுத்தீர்களா? உங்கள் காணி அதற்குள் வருகிறதா இல்லையா என்று கேட்டீர்களா? இடிபட்ட இடத்தை மனதில் வைத்துக்கொண்டு எழும்பி வேலைக்குப் போவது எப்படி என்று உங்களுக்குச் சொல்லித்தரக்கூடிய ஒரே ஆள் உங்கள் குடும்பத்தில் அவர்தான், அவரிடம் மட்டும் நீங்கள் கேட்கவில்லை.

இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது, மறைக்க மாட்டேன். 2016 மே 10, செவ்வாய்க்கிழமை இரவு. மான்செஸ்டர் யுனைடெட் பஸ்ஸுக்குப் போத்தல் எறிந்து ஆட்டம் முக்கால் மணி நேரம் பிந்தித் தொடங்கி, வின்ஸ்டன் ரீட் தலையால் அடித்த கோலோடு 3-2 என்று வென்ற ஆட்டம். அந்தக் கூட்ட நெரிசலில் வயதானவரைக் கூட்டிக்கொண்டு போக யோசித்தேன் என்று நீங்கள் எழுதியிருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். அப்படி எழுதவில்லை. ஆட்டம் விளங்காதவர் என்பதால் அவருடைய டிக்கெட்டை நண்பனுக்குக் கொடுத்ததாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். 1993-ல் அவரும் அப்படி நினைத்திருக்கலாமே, எனக்கு இது விளங்காது, பிள்ளையை வேறு யாராவது கூட்டிக்கொண்டு போகட்டும் என்று. அவரிடம் கேட்டீர்களா, வருகிறீர்களா அப்பா என்று? கேட்டிருந்தால் அவர் "நீ போயிட்டு வா" என்றுதான் சொல்லியிருப்பார், இந்தத் தலைமுறைத் தகப்பன்மார் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். அதற்காகக் கேட்காமல் விடுவதா? கதிரை வாங்கும்போது மட்டும் ஒன்று போதும் என்று விடாமல் இரண்டு வாங்கியிருக்கிறீர்கள். இரண்டாவது யாருடையது?

இரண்டு கிழமைக்கு ஒருதரம் சாமான் கொடுத்துவிட்டு வருவதை நான் மகன் செய்யும் கடமை என்று எண்ணவில்லை. அதைக் கடைக்காரர் வண்டியில் கொண்டுவந்து செய்வார். ரொம்ஃபோர்டிலிருந்து ஈஸ்ட் ஹாம் கடல் தாண்டியா இருக்கிறது? தனியாக இருக்கிற தகப்பனோடு கிழமைக்கு ஒருநாளாவது மகன் இருந்து ஒரு தட்டில் சோறு சாப்பிட வேண்டும். பேத்தியும் வரவேண்டும். இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை, பழைய காலத்து ஆள் என்று யார் சொன்னாலும் சொல்லட்டும்.

இப்போது செய்ய வேண்டியது. அறையைக் காலி பண்ணும்போது அந்த முப்பதையும் தனியாக எடுங்கள். திகதி வாரியாக மேசையில் அடுக்கி, மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பின் அட்டையைப் பாருங்கள். வெறும் எண்களாக இருக்கலாம், எத்தனை மணி நேர வேலை, எவ்வளவு சம்பளம், எவ்வளவு சீட்டுக்காசு, ஊருக்கு அனுப்பியது எவ்வளவு. எனக்குத் தெரிந்த ஒருவர் அந்தக் காலத்தில் பெட்ரோல் ஸ்டேஷன் ரசீதுகளின் பின்னால் அப்படித்தான் எழுதுவார், கொழும்பில் லாட்ஜில் நின்ற தம்பிக்கு எவ்வளவு, முகாமில் இருந்த அம்மாவுக்கு எவ்வளவு என்று. உங்கள் அப்பாவுடையதும் அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ஒரு பெயராக இருக்கலாம், வீட்டுப் படமாகக்கூட இருக்கலாம். உங்களால் வாசித்து முடிக்க முடியாது, அதுவும் நல்லதுதான்.

அழிக்க முயலாதீர்கள். பழைய பிளாஸ்டிக் உறைகளில் இருந்தால் எடுத்துவிடுங்கள், பிவிசி உறை நாளாக நாளாக மையை இழுத்துக்கொள்ளும், பாலியெஸ்டர் உறை வாங்குங்கள். நடுவில் அடித்த ஊசி துருப்பிடித்திருந்தால் மெதுவாகக் கழற்றுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவற்றைக் கொண்டு அப்பா வீட்டுக்குப் போங்கள். கடைசி மேட்சைப் பற்றி நீங்களே முதலில் சொல்லுங்கள், உங்களைக் கேட்காமல் விட்டது பிழை என்று. சுற்றிவளைக்க வேண்டாம். அவர் அதெல்லாம் ஒன்றுமில்லை என்று தேத்தண்ணி வைக்க எழும்புவார், விடாதீர்கள், நீங்கள் எழும்பி வையுங்கள். கால் இடம் கொடுத்தால் இன்னொரு நாள் அப்டன் பார்க் ஸ்டேஷனில் இறங்கி கிரீன் ஸ்ட்ரீட் வழியாகப் பார்க்கிங் ரோடு சந்தி வரை மெதுவாக நடந்து பாருங்கள். மைதானம் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள். சந்தியில், 1966-ல் இங்கிலாந்துக்குத் தலைமை தாங்கிக் கோப்பை வென்ற வெஸ்ட் ஹாம் வீரர் பாபி மூரைத் தோளில் தூக்கி வைத்திருக்கிற உலகக் கோப்பைச் சிலை நிற்கிறது. அந்த வழியில் உங்களுக்கு ஞாபகம் வருகிற கோல்களைச் சொல்லாதீர்கள், எந்த இடத்தில் உங்கள் கையை இறுக்கிப் பிடித்தார் என்று அவரைக் கேளுங்கள்.

ஒவ்வொரு அட்டையைப் பற்றியும் அவர் சொல்வதை ஒரு தனித்தாளில் எழுதி அதே உறைக்குள் வையுங்கள். மகளைக்கொண்டு எழுதுவித்தால் இன்னும் நல்லது. அவருடைய எழுத்துக்குப் பக்கத்தில் எதுவும் எழுதவேண்டாம். பென்சில் கொண்டு போங்கள், பேனா மை பக்கத்துத் தாளில் ஊறிவிடும்.