காதல் நாவல் எழுத முன்பே எழுத்து வேலை பார்த்திருக்க வேண்டுமா?

தையல் ஆலையில் காலர் தைக்கும் நான் காதல் நாவல் எழுத முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். அமெரிக்கக் காதல் நாவலாசிரியர் நோரா ராபர்ட்ஸ் முதலில் என்ன வேலை பார்த்தார் தெரியுமா? வக்கீல் அலுவலகத்தில் செயலாளர். வேகமாகத் தட்டச்சு செய்வார், ஆனால் எழுத்துப்பிழை வரும். அப்புறம் வீட்டோடு இருந்து இரண்டு பையன்களை வளர்த்தார். 1979 பிப்ரவரியில் மேரிலாந்தில் பனிப்புயல் அடித்து, குழந்தைகளோடு வெளியே போக முடியாமல் அடைந்து கிடந்தபோதுதான் ஒரு நோட்டை எடுத்து, மனதில் ஓடிய கதையைக் கையால் எழுத ஆரம்பித்தார். காதல் நாவல்களை வெளியிடும் ஹார்லெக்வின் நிறுவனம் அவரை ஏற்கவில்லை, அமெரிக்க எழுத்தாளர் ஒருவர் ஏற்கெனவே தங்களிடம் இருக்கிறார் என்றது. 1981-இல் சிலுவெட் என்ற வேறொரு நிறுவனம் முதல் நாவலை வெளியிட்டது. இன்று 200-க்கும் மேல் எழுதிவிட்டார்.

இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் என் பெரியம்மாவும் தையல் ஆலையில்தான் இருந்தார், சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து போகிற பஸ்ஸில் மில்ஸ் அண்ட் பூன் காதல் நாவல்கள் படிப்பார், அட்டை கிழிந்துவிடாமல் பழைய காலண்டர் தாளில் உறை போட்டு. ஒரு வரிசையே தலை நிமிராமல் தைக்கும்போது யார் யாரைப் பார்க்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். அதை எழுதுங்கள், இன்று இரவே ஒரு பக்கம்.